கொலஸ்ட்ரால் கணக்கில் மரபணுவின் வரவு செலவு

5.2 என்றால் 200. ஊரில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதும் கொலஸ்ட்ராலை ஆஸ்திரேலிய ஆய்வகங்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுகின்றன. 38.67ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வந்துவிடும். டிரைகிளிசரைடுக்கு மட்டும் பெருக்கும் எண் வேறு, 88.57. இது தெரியாமல் நல்ல கொழுப்பான எச்டிஎல் 1.0 என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பதறியவர்களும் உண்டு, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 4.9 என்பதைப் பார்த்து ‘ஒற்றை இலக்கம்தானே’ என்று நிம்மதியாகத் தூங்கப் போனவர்களும் உண்டு. பதறியிருக்க வேண்டியவர் இரண்டாமவர். 4.9 என்பது ஊர்க்கணக்கில் 190.

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து தென்கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது மல்கிரேவ். அஞ்சல் எண் 3170, மக்கள்தொகை ஏறக்குறைய 20,000. பக்கத்து கிளேட்டனில் மோனாஷ் பல்கலைக்கழகம். அதன் வளாகத்திலேயே 2023இல் திறந்த விக்டோரிய இதய மருத்துவமனை. இதயத்துக்கென்றே தனியாகக் கட்டிய முதல் ஆஸ்திரேலிய மருத்துவமனை அது. இத்தனை வசதி கூப்பிடு தூரத்தில் இருந்தும், இந்தப் பக்கத்து வார இறுதி பார்பிக்யூக்களில் கொலஸ்ட்ரால் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்களில் ஒன்றாவது காதில் விழும். யாழ்ப்பாணத்துக்காரர் சொல்வது: “எங்கட அப்பப்பா தொண்ணூறு வயது வரைக்கும் சுருட்டுப் பத்தினவர், ஒண்டும் நடக்கேல்ல.” மதுரைக்காரர் சொல்வது: “நமக்கு ஜீன்லயே இருக்கு சார், குடிச்சாலும் குடிக்காட்டாலும் ஒண்ணுதான்.” முதலாமவர் மரபணுவை வரவில் வைக்கிறார், இரண்டாமவர் செலவில் வைக்கிறார். யார் கணக்கு சரி என்பதை எண்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குடியிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்றால் 10 கிராம் தூய ஆல்கஹால். பாட்டில் ஷாப்பில் விற்கும் ஒவ்வொரு லேபிளிலும் அந்த எண் இருக்கும்.

375 மில்லி முழு வீரிய பீர் ஒன்று: 1.4
750 மில்லி ஒயின், 13.5 சதவீதம்: 8
700 மில்லி விஸ்கி, 40 சதவீதம்: 22
டாஸ்மாக் குவார்ட்டர், 180 மில்லி, 42.8 சதவீதம்: 6

கடைசி வரி எந்த லேபிளிலும் இல்லை, நான் போட்ட கணக்கு. 2020இல் வந்த ஆஸ்திரேலிய வழிகாட்டுதல் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 10, எந்த ஒரு நாளிலும் 4. அதாவது ஒரே ஒரு குவார்ட்டர் அன்றைய வரம்பைத் தாண்டி, வார வரம்பில் பாதிக்கு மேலும் தின்றுவிடுகிறது.

குடி எச்டிஎல்லை உயர்த்தும் என்பது பொய்யல்ல. எச்டிஎல் துகளுக்கு உடம்பாக இருக்கும் அப்போ-ஏ1 என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எரிக் ரிம்மும் சகாக்களும் முந்தைய சோதனைகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 30 கிராம் ஆல்கஹால் குடித்தால் எச்டிஎல் 3.99 மில்லிகிராம் ஏறுகிறது. கூடவே டிரைகிளிசரைடும் 5.69 மில்லிகிராம் ஏறுகிறது. மல்கிரேவ் கணக்கில் மாற்றினால் தினம் மூன்று டிரிங்க், எச்டிஎல் வரவு 0.10 மில்லிமோல். வாரத்துக்கு 21 டிரிங்க் என்பது ஒரு விஸ்கி பாட்டிலுக்குச் சற்றுக் குறைவு. பாட்டில் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 2,500 டாலர். பத்தில் ஒரு மில்லிமோல் நல்ல கொழுப்புக்கு இதுதான் சில்லறை விலை, அதுவும் வழிகாட்டுதலின் வார வரம்பைப் போல் இரண்டு மடங்கு குடித்து.

இந்த விலை ஆளுக்கு ஆள் மாறுமா? மாறும் என்று முதலில் உரக்கச் சொன்ன ஆய்வுகளில் ஒன்று 1995இல் வந்தது. பிரான்சிலும் வடக்கு அயர்லாந்திலும் மாரடைப்பு வந்த 608 ஆண்களையும் வராத 724 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். பார்த்த மரபணு சிஇடிபி. எச்டிஎல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலை எடுத்து எல்டிஎல் பக்கம் தள்ளிவிடும் புரதத்தை அது உண்டாக்குகிறது. பி2 என்று பெயரிட்ட வகை இருந்தால் அந்தத் தள்ளல் குறைவு, எச்டிஎல் அதிகம். வியப்பு என்னவென்றால், நாளுக்கு 25 கிராமுக்குக் குறைவாகக் குடித்தவர்களிடம் பி2வால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. குடி ஏற ஏற அதன் பலனும் ஏறியது. 75 கிராமும் அதற்கு மேலும் குடித்தவர்களில் பி2 இரட்டையாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து காணப்பட்டது.

75 கிராமை நம் அளவைக்கு மாற்றினால் ஏழரை டிரிங்க். தினமும் ஒரு குவார்ட்டரும் அதற்கு மேல் ஒரு பீரும். வாரத்துக்கு 52.5, வழிகாட்டுதல் போல ஐந்து மடங்கு. அந்த அளவில் கல்லீரலும் ரத்த அழுத்தமும் என்ன பில் போடும் என்பது எச்டிஎல் வரிசையில் வராது. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த முடிவு ஒரே சீராகத் திரும்ப வரவும் இல்லை. பத்திரிகைத் தலைப்புகளில் ‘குடிகாரர்களைக் காக்கும் மரபணு’ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போ-ஈ என்ற மரபணுவின் கதையும் இதே குணம். அதற்கு ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. புரதத்தில் இரண்டே இடங்களில், 112ஆவது, 158ஆவது அமினோ அமிலங்களில், மாற்றம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரத்துப் பிள்ளைகள் தலைமுறையை வைத்து 2001இல் வெளியான கணக்கில், ஈ2 உள்ள ஆண்கள் குடித்தால் எல்டிஎல் குறைவாக இருந்தது. ஈ4 உள்ள ஆண்கள் குடித்தால் கூடுதலாக இருந்தது. ஒரே குடிக்கு ஒருவர் கணக்கில் வரவு, பக்கத்து நாற்காலிக்காரர் கணக்கில் செலவு. தன் வகை எது என்று தெரியாமல் எல்லோரும் வரவுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம்.

சரி, எச்டிஎல் ஏறினால் மாரடைப்பு குறையுமா? இந்தக் கேள்விக்கு மரபணுவே இரண்டு தரம் பதில் சொல்லியிருக்கிறது, இரண்டு தரமும் இல்லை என்று. 2012இல் லான்செட்டில் வந்த கணக்கு ஒன்று: பிறவியிலேயே எச்டிஎல் 0.14 மில்லிமோல் அதிகமாக இருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றத்தை 20,913 மாரடைப்பு நோயாளிகளிடமும் 95,407 மற்றவர்களிடமும் தேடினார்கள். எச்டிஎல் கூடிய அளவுக்கு ஆபத்து 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். ஒன்றும் குறையவில்லை.

இரண்டாவது பதில் சீனாவிலிருந்து. மல்கிரேவில் அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்துடன் விருந்துண்டவர்களுக்குத் தெரியும்: ஒரு கிளாஸ் பீரிலேயே சிலருக்கு முகம் செக்கச் சிவந்துவிடும். ஏஎல்டிஎச்2 என்ற மரபணுவில் கிழக்காசியரிடம் பரவலாக உள்ள மாற்றம் அது. ஆல்கஹால் உடைந்து வரும் நச்சு வெளியேறாமல் தங்கிவிடுவதால் அவர்களால் அதிகம் குடிக்க முடியாது. யார் எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பிறப்பே குலுக்கல் முறையில் தீர்மானித்த மாதிரி. இதைப் பயன்படுத்தி 1,61,498 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மரபணுவை வைத்து ஆண்களை வரிசைப்படுத்தினால் வாரத்துக்கு 4 கிராமில் தொடங்கி 256 கிராம் வரை போனது. குடி கூடக்கூட எச்டிஎல் கூடியது, ரத்த அழுத்தமும் கூடியது, பக்கவாதமும் கூடியது. மாரடைப்பு குறையவில்லை. ‘அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லது’ என்ற வளைகோடு, மரபணு வழியாகப் பார்த்தபோது காணாமலே போயிற்று.

ஆகவே அந்த 2,500 டாலருக்குக் கிடைக்கும் 0.10, தாளில் மட்டும் தெரியும் வரவு. வங்கியில் மாற்ற முடியாத காசோலை. இதில் ஒரு விஷமமும் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2023 முதல் பயன்படுத்தும் இதய ஆபத்துக் கணிப்பான் மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்த விகிதத்தைக் கேட்கிறது, புகைப்பழக்கத்தைக் கேட்கிறது, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. மொத்தம் 5.2, எச்டிஎல் 1.0 உள்ளவரின் விகிதம் 5.2. அவர் தினம் மூன்று டிரிங்க் குடித்து எச்டிஎல் 1.1, மொத்தம் 5.3 ஆனால் விகிதம் 4.8. கணினி அவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டிவிடும்.

இனி புகை. சட்டப்படி விற்கும் 20 சிகரெட் பாக்கெட் 2025இல் சுமார் 40 டாலர். அதில் கலால் வரி மட்டும் ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 1.40, பாக்கெட்டுக்கு 28. அப்போது ஒரு 700 மில்லி விஸ்கி பாட்டிலின் கலால் வரியும் கிட்டத்தட்ட அதே 28, 29 டாலர்தான். தூய ஆல்கஹால் லிட்டருக்கு 100 டாலருக்கு மேல் என்ற கணக்கு. அரசாங்கத்தின் தராசில் இருபது சிகரெட்டும் ஒரு விஸ்கி பாட்டிலும் சமம் என்பது எனக்கே இந்தக் கட்டுரைக்காகக் கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. கள்ளச் சிகரெட் இதில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நாளுக்கு பத்து சிகரெட் என்றால் ஆண்டுக்கு 3,650. விலை 7,300 டாலர், அதில் வரி 5,110. இந்தச் செலவு கொலஸ்ட்ராலில் என்ன செய்கிறது? எச்டிஎல்லைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1,504 பேரைச் சேர்த்து நடத்திய புகை நிறுத்தச் சோதனையில், ஓராண்டு விட்டிருந்தவர்களுக்கு எச்டிஎல் 2.4 மில்லிகிராம் ஏறியது, விடாதவர்களுக்கு 0.1. எல்டிஎல்லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எச்டிஎல் ஏற்றம் நம் அளவையில் 0.06 மில்லிமோல். குடித்தால் 2,500 கொடுத்து 0.10, புகையை விட்டால் 7,300 கையில் மிஞ்சி 0.06. ஆனால் எச்டிஎல்லை வைத்தே இந்த இரண்டையும் எடை போடுவது தவறு. புகை இதயத்தைத் தாக்கும் வழிகளில் கொலஸ்ட்ரால் ஒன்று, பெரியதும் அல்ல. ரத்தம் உறைதல், குழாய்ச் சுவரின் புண், பிராணவாயுக் குறைவு எல்லாம் தனித்தனி. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தினம் புகைக்கும் ஒவ்வொரு கூடுதல் சிகரெட்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 5.6 சதவீதம் ஏறுகிறது. பீடிக்குத் தள்ளுபடி இல்லை. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் அதுவும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அப்பப்பாவின் சுருட்டுக்கு மரபணுவில் பாதுகாப்பு இருந்திருக்குமா? 2001இல் லண்டன் ஆய்வு ஒன்று, அப்போ-ஈ4 உள்ள புகைப்பவர்களுக்கு ஆபத்து மூன்று மடங்கு வரை போகிறது, மற்ற வகையினருக்கு அவ்வளவு இல்லை என்றது. பரபரப்பானது. 2003இல் அதே லான்செட்டில், பத்தாயிரம் பேரளவில் நடந்த பெரிய கணக்கு வந்தது: அப்போ-ஈ எந்த வகையாக இருந்தாலும் புகையின் தீங்கு ஏறக்குறைய ஒன்றே. சிறிய கணக்கில் மலையாகத் தெரிந்தது பெரிய கணக்கில் சமதரை. இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கும்.

நிலைத்து நின்ற வரிகளும் உண்டு. 15ஆம் குரோமோசோமில் ஒரே பகுதியில் இரண்டு உருப்படிகள். ஒன்று, நிக்கோட்டின் வந்து ஒட்டும் புரதத்தின் மரபணு. அதில் ஒரு எழுத்து மாறியிருந்தால் புகைப்பவர் நாளுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுதலாகப் புகைக்கிறார். ஒரு சிகரெட் 2 டாலர் வீதம் ஆண்டுக்கு 730 டாலர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 1,460. மரபணுவுக்கு விலைச்சீட்டு ஒட்ட முடிந்த அபூர்வமான இடம் இது. புகைக்காதவருக்கு அதே எழுத்தால் செலவு பூஜ்யம். இன்னொன்று ஆடம்ட்ஸ்-7. அதன் ஒரு வகை, புகைக்காதவர்களுக்கு இதய நோய் வாய்ப்பை 12 சதவீதம் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு அதே வகை 5 சதவீதம் மட்டுமே. 2017இல் தானிஷ் சலீஹீனும் சகாக்களும் ஒன்றரை லட்சம் பேரளவில் கூட்டிக் காட்டியது இது. நல்ல மரபணுவோடு பிறந்தவர்தான் சிகரெட்டால் அதிகம் இழக்கிறார் என்று பொருள். அப்பப்பா தொண்ணூறு வரை இருந்தார் சரி. விட்டிருந்தால் எத்தனை வரை என்ற வரி எந்தக் குடும்பக் கணக்கிலும் கிடையாது.

ஒவ்வொரு மரபணுவாகப் பொறுக்காமல் மொத்த மரபணுத் தொகுதியையும் ஒரே அடியாகச் சலித்துப் பார்த்தால்? 2019இல் இரண்டு பெரிய சலிப்புகள் வந்தன. புகை, மரபணு, ரத்தக் கொழுப்பு மூன்றையும் சேர்த்து நேச்சர் ஜெனட்டிக்ஸில் வந்ததில் 3,87,272 பேர். 13 புதிய இடங்கள் கிடைத்தன. அவற்றில் சில, புகைப்பவர் புகைக்காதவர் என்று பிரித்துப் பார்த்ததால் மட்டுமே கண்ணில் பட்டவை. மதுவுக்கான சலிப்பில் 3,94,584 பேர். கொழுப்போடு தொடர்புள்ள 147 இடங்கள், அதில் 18 புதியவை. ஆனால் இந்த 147உம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிக் கேட்டபோது வந்தவை: மரபணு நேராகக் கொழுப்பை மாற்றுகிறதா, குடியோடு சேர்ந்து மாற்றுகிறதா. இரண்டாவது கேள்வியை மட்டும் தனியாகக் கேட்டபோது, கண்டிப்பான புள்ளிவிவர வரம்பைத் தாண்டியவை எத்தனை? பூஜ்யம்.

என் பார்வையில் இந்தத் துறை முழுவதிலும் மிகப் பெரிய எண் அந்தப் பூஜ்யம்தான். கூட்டு விளைவே இல்லை என்று அது சொல்லவில்லை. தனித்தனியே எடுத்தால், நாலு லட்சம் பேரைக் கூட்டினாலும் கண்டிப்பான வரம்பில் பிடிபடாத அளவுக்கு அவை சின்னவை என்கிறது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று மதுரைக்காரர் சாய்ந்துகொள்ளும் சுவர் அவ்வளவு மெல்லியது.

ஆனால் இந்தக் கணக்கேட்டில் நம் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2021இல் உலகம் முழுவதும் திரட்டிய ரத்தக் கொழுப்பு மரபணு ஆய்வில் மொத்தம் 16,54,960 பேர். ஐரோப்பிய வம்சாவளி 13,20,016, கிழக்காசியர் 1,46,492, ஆப்பிரிக்கர் 99,432, லத்தீன் அமெரிக்கர் 48,057, தெற்காசியர் 40,963. உலக மக்களில் நால்வரில் ஒருவர் தெற்காசியர், ஏட்டில் நூற்றுக்கு இரண்டரை. அதே 2021இல் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவதாகக் கணக்கெடுப்பில் எழுதியவர்கள் 95,404. உலகின் ஆகப் பெரிய கொலஸ்ட்ரால் மரபணு ஆய்வில் இருந்த இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச, இலங்கை வம்சாவளியினர் அனைவரையும் கூட்டினாலும் இந்த நாட்டுத் தமிழரில் பாதிகூட வரவில்லை. ‘உங்கள் மரபணுவுக்கு ஏற்ற உணவு, உங்கள் மரபணுவுக்கு ஏற்ற ஒயின்’ என்று இணையத்தில் எச்சில் குழாய் விற்பவர்கள் இந்த எண்ணை விளம்பரத்தில் போடுவதில்லை.

நம்மைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான் என்றாலும் அது மங்கலாக இல்லை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் கணக்கில் 72.3 சதவீதம் பேருக்கு எச்டிஎல் குறைவு. ஏதோ ஒரு கொழுப்பளவாவது தவறியவர்கள் 79 சதவீதம். இன்டர்ஹார்ட்டில் தெற்காசியரின் முதல் மாரடைப்பு வயதின் சராசரி 53, மற்றவர்களுக்கு 58.8. மற்ற நாட்டினருக்கு அந்த ஆய்வில் லேசாகத் தெரிந்த குடியின் ‘பாதுகாப்பு’ தெற்காசியர் வரிசையில் காணவில்லை. அதனால்தான் ஆஸ்திரேலிய இதய ஆபத்து வழிகாட்டுதலில், தெற்காசியர் என்றால் கணிப்பான் சொல்வதைவிட ஒரு படி மேலே வைத்துப் பாருங்கள் என்று மருத்துவருக்குக் குறிப்பு இருக்கிறது.

மரபணு ஒன்றே, கணக்கு வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒரு டச்சுக் குடும்பம். குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் எனும் நோயின் மரபணு மாற்றம் அந்தக் குடும்பத்தில் ஓடுவதை இரண்டு நூற்றாண்டுக் கிளைவழி மரணப் பதிவுகளை வைத்து 2001இல் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மாற்றத்தைச் சுமந்தவர்கள் ஊராரைவிடச் சீக்கிரம் சாகவில்லை. 1915க்குப் பிறகு சாவு ஏறத் தொடங்கி, 1935க்கும் 1964க்கும் இடையில் ஊர்ச் சராசரியைப் போல் 1.78 மடங்கானது, பிறகு இறங்கியது. மாறியது சாப்பாடும் உழைப்பும் புகையும் சேர்ந்த வாழ்க்கை. கடல் கடந்து வந்து வீடும் காரும் வாங்கிய தலைமுறைக்கு இந்த ஏற்றம் நூறாண்டு எடுத்துக்கொள்வதில்லை. ஒரே விமானப் பயணத்தில் நடந்துவிடுகிறது.

மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிக்கத் தகுந்த இடமும் அதே நோய்தான். குடியும் புகையும் இல்லாமலே பிறந்த நாளிலிருந்து எல்டிஎல்லை ஏற்றி வைப்பது அது. 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பொதுக் கணக்கு; மல்கிரேவின் 20,000க்கு 80 பேர். பத்தில் ஒருவருக்குத்தான் தெரியவருகிறது என்று சொல்லப்படுவதை வைத்தால், தெரிந்தவர் எட்டுப் பேர். எல்டிஎல் 6.5 மில்லிமோலுக்குக் குறையாமல், ஊர்க்கணக்கில் 251, வேறு காரணமின்றி இருந்தால் 2020 மே முதல் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் அட்டவணையில் மரபணுச் சோதனைக்கு இடம் உண்டு. முதல் ஆளுக்கு அப்போதைய அட்டவணைக் கட்டணம் 1,200 டாலர். கண்டுபிடித்த பிறகு ரத்த உறவினர் ஒவ்வொருவருக்கும் 400. உடன்பிறந்தாரும் பிள்ளைகளுமாக நால்வரைச் சேர்த்தால் 2,800. நால்வரில் இருவருக்கு இருக்க வாய்ப்பு. பத்து சிகரெட்காரர் இதைவிட அதிகமாக ஐந்தே மாதத்தில் புகைத்துவிடுகிறார். மோனாஷ் பல்கலைக்கழகம் 2022இல் தொடங்கிய டிஎன்ஏ ஸ்கிரீன் திட்டம் 18 முதல் 40 வயது வரை 10,000 பேரை இந்த நோய்க்கும் இரண்டு வகைப் பரம்பரைப் புற்றுநோய்க்கும் சேர்த்துச் சோதித்தது. ஐம்பதில் ஒருவருக்கு ஏதோ ஒன்று இருந்தது. ஆயுள் காப்பீட்டுக்காரர் கேட்பாரே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: மரபணு முடிவை வைத்துக் காப்பீட்டை மறுப்பதற்குத் தடை கொண்டுவருவதாக மத்திய அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது.

சோதித்துப் பார்க்கத் தகுந்த இன்னொன்று, ரத்தத்திலுள்ள லிப்போபுரதம்-ஏ என்ற கொழுப்புத் துகள். அதன் அளவில் பெரும்பங்கு பரம்பரை. நம் நடத்தை அதை அசைப்பதில்லை. ஐந்தில் ஒருவருக்கு அதிகம். அதிகமாக உள்ள தெற்காசியருக்கு மாரடைப்பு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்பது இன்டர்ஹார்ட் கணக்கு. வாழ்நாளில் ஒரு தரம் பார்த்தால் போதும். மெடிகேர் கழிவு கிடையாது, கைக்காசுதான்.

மாத்திரைச் செலவு கடைசி வரி. 45 வயது ஆனவர்களுக்கு 2019 முதல் மெடிகேரில் தனி இதயப் பரிசோதனை உண்டு. பல்க் பில் செய்யும் ஜிபியிடம் போனால் கையை விட்டுப் போவது ஒன்றுமில்லை. அவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தால் மருந்துக்கான அதிகபட்சப் பங்குத் தொகை 2025இல் மாதம் 31.60 டாலர். 2026 ஜனவரி 1 முதல் 25. ஆண்டுக்கு 300 டாலர், சிகரெட் விலையில் ஏழரை பாக்கெட்.